பின்னால் வருகிறவருக்கு ஓர் இடம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் விளையாட்டுகளைப் பற்றி எப்போதாவது எழுதினால் தவறாமல் படித்துவிடுவேன். இது சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். இரவு முழுக்க ஒரு பழைய ஆன்லைன் ஆர்பிஜியில்தான் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) கிடப்போம். இன்று ஐந்து பேரும் ஐந்து ஊரில். வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர அதில் எதுவும் வருவதில்லை. இப்போது ஒரு புதிய எம்எம்ஓஆர்பிஜி, அதாவது ஏராளமானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஆர்பிஜி, வரப்போகிறது. எங்களில் ஒருவன் விலை கூடிய பதிப்பை முன்பதிவு செய்துவிட்டான். அதை வாங்கினால் மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னாலேயே உள்ளே போகலாமாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் வாங்கிடுங்கடா, பழையபடி ஆடலாம்" என்று தினமும் ஒரு ட்ரெய்லர் அனுப்புகிறான். இரண்டு பேர் சரி சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எட்டு மாதக் குழந்தை. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது, அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். விளையாட்டுக்கு ஒரு விலை, அதற்கு மேல் மாதச் சந்தா. யூடியூபில் ஒருவர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார், இன்னொருவர் குப்பை என்கிறார். இத்தனைக்கும் விளையாட்டு இன்னும் வெளியாகவே இல்லை! வாங்கலாமா? வாங்காவிட்டால் அந்த நாலு பேரும் ஒன்றாகிவிட, நான் மட்டும் வெளியே நிற்பேனோ என்றும் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கவில்லை. பெயரோடு சேர்த்து விளையாட்டின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் வேறொரு பெயரைப் போட்டு இதே கடிதம் வரும், அப்போது இந்தப் பதிலையே அனுப்பிக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம்தான்.

என் கதை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் தோழிகள் மூன்று பேர் ஒரு புதிய விளையாட்டில் முதல் நாளே இறங்கினார்கள். எனக்கு வேலை நெருக்கடி, மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். நான் பதினான்காவது லெவலில் இருந்தபோது அவர்கள் ஐம்பதில் இருந்தார்கள். காட்டில் பத்துப் பன்றிகளைக் கொன்றுவர வேண்டும் என்று ஒரு வேலை. "இரு, நான் வந்து உதவுகிறேன்" என்று ஒருத்தி பெரிய கறுப்புக் குதிரையில் வந்து இறங்கினாள். ஒரு வீச்சு, ஒரு பன்றி. நான் கத்தியை உருவுவதற்குள் அடுத்ததும் விழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் பத்தும் முடிந்தது. எனக்குக் கிடைத்த அனுபவப் புள்ளி அநேகமாகப் பூஜ்யம், லெவல் வித்தியாசம் அவ்வளவு என்றால் அங்கே கணக்கு அப்படித்தான். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடாமல் இருந்தால் பாத்திரம் கொட்டாவி விடும்படி அந்த விளையாட்டில் அமைத்திருந்தார்கள். நான் ஊருக்குத் திரும்பி அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு வந்தபோது அவள் குதிரை மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். நிஜத்தில் அவள் தன் கில்ட் (விளையாட்டுக்குள் இருக்கும் சங்கம்) அரட்டையில் அன்றைய ரெய்டை, அதாவது பெரிய கூட்டுச் சண்டையை, பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாலே நாளில் நிறுத்திவிட்டேன். அது மோசமான விளையாட்டும் இல்லை, அவள் மோசமான தோழியும் இல்லை.

அன்றிலிருந்து இந்த வகையில் எதை வாங்குவதானாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: பின்தங்கி வருகிறவரை இந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது? உங்கள் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு நாலரை மணி நேரம். முன்பதிவு செய்த நண்பர் முதல் சனி, ஞாயிறிலேயே இருபது மணி நேரம் ஆடிவிடுவார். மூன்று நாள் முன்னுரிமைக்குக் காசு கொடுத்தாலும் இரண்டாவது வாரம் நீங்கள்தான் கடைசி ஆள். உங்கள் நிலைமையில் அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். கடைசி ஆளுக்கும் அங்கே வேலை இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

யூடியூப் விமர்சனங்களில் இது அநேகமாக வராது. அங்கே பேசுகிறவர் எப்போதும் முன்னால் போகிறவர், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஆடுவதே அவர் தொழில். "உச்ச லெவலுக்குப் பிறகு வரும் எண்ட்கேமில் ஒன்றுமில்லை" என்று அவர் ஒரு மாதத்தில் குறைப்பட்டுக்கொள்ளும் இடத்துக்கு நீங்கள் வந்து சேர ஒரு வருடம் ஆகும். அவருடைய குறை உங்கள் குறை இல்லை.

லெவல் சிங்க் என்று ஒன்று உண்டு. பெரிய லெவல்காரர் சின்ன லெவல் பகுதிக்கு வந்தால் அவர் பலமும் அதற்கேற்ப இறங்கிவிடும். கில்ட் வார்ஸ் 2 இதை 2012-ல் வெளிவந்த நாளிலிருந்தே செய்கிறது. எண்பதாவது லெவல்காரர் ஆரம்பக் காட்டுக்கு வந்தால் கொஞ்சம் கூடுதல் பலம் மிஞ்சும், அவ்வளவுதான். பன்றி ஒரே வீச்சில் விழாது. அங்கே உச்ச லெவல் அன்றும் 80, இன்றும் 80. மூன்று வருடம் ஆடாமல் விட்டுவிட்டு வந்தாலும் உங்கள் எண்பது எண்பதாகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைப் பாருங்கள். 2004-ல் 60 என்று தொடங்கி, ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனிலும் (பிறகு விற்கும் கூடுதல் பாகம்) மேலே ஏறி, 2018-ல் 120-ல் வந்து நின்றது. புதிதாக வருகிறவர் நண்பர்கள் இருக்கும் இடத்துக்குப் போக நூற்றிருபது படி ஏற வேண்டியிருந்தது. 2020-ல் அவர்களுக்கே மூச்சு வாங்கிவிட்டது போலிருக்கிறது. 120-ல் இருந்தவர்களை 50-க்கு இறக்கிவிட்டு, உச்சத்தை மறுபடியும் 60 ஆக்கினார்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சிட்டி ஆஃப் ஹீரோஸில் இருந்தது. அதுவும் 2004-ல் வந்ததுதான். மூத்த நாயகன் ஒருவர் புதிய ஆளைத் தன் சைட்கிக்காகச் சேர்த்துக்கொண்டால், அவர் கூட இருக்கும்வரை புதியவரின் பலம் கிட்டத்தட்ட அவர் அளவுக்கு உயர்ந்துவிடும். காமிக்ஸில் காலம்காலமாக வரும் சிஷ்யப்பிள்ளையை அப்படியே கணக்காக மாற்றியிருந்தார்கள். அந்த விளையாட்டை 2012 நவம்பர் 30 அன்று மூடினார்கள். ஆடியவர்கள் விடவில்லை. 2019-ல் தனியார் சர்வர்களில் அது மறுபடி எழுந்தது, 2024-ல் அதில் ஒரு குழுவுக்கு உரிமையாளரான என்சிசாஃப்டே உரிமம் கொடுத்தது. இந்தப் பிடிவாதத்தில் சைட்கிக்குக்கும் பங்கு இருக்கும் என்பது என் சொந்த ஊகம்.

லெவலே இல்லாமலும் இதைச் செய்யலாம். விண்வெளிக் கப்பல்களில் ஆடும் ஈவ் ஆன்லைனில் திறமைகள் நிஜக் கடிகாரப்படி வளரும், நீங்கள் தூங்கினாலும் வளரும். 2003-ல் சேர்ந்தவரைச் சும்மா காத்திருந்து எட்டிப்பிடிப்பது நடக்காத காரியம். (காசு கொடுத்துத் திறமையை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் குறுக்கு வழி 2016-ல் வந்தது, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.) ஆனால் நேற்றுச் சேர்ந்தவர் ஒரு மலிவான சின்னக் கப்பலில் போய், எதிரியின் பெரிய கப்பல் தப்பி ஓடாதபடி மடக்கி நிறுத்தலாம். பின்னால் வரும் பெரியவர்கள் அடித்து முடிப்பார்கள். நீங்கள் பெரும்பாலும் செத்துப்போவீர்கள். இருந்தாலும் நீங்கள் இல்லாமல் அந்தச் சண்டையே நடந்திருக்காது.

அப்புறம், நீங்கள் வராத நாட்களில் என்ன ஆகிறது என்று பாருங்கள். தினசரி வேலை, வாராந்தர வேலை, மூன்று மாதத்தில் காலாவதியாகும் பரிசு வரிசை என்று வைத்திருந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் விளையாட்டும் உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்ளும். மாதச் சந்தாவும் இதே ரகம். மாதத்துக்குப் பதினெட்டு மணி நேரம் ஆடும் நீங்களும் நூறு மணி நேரம் ஆடும் நண்பரும் கட்டுவது ஒரே தொகை. கொஞ்சம் பொறுத்தால் சந்தாவே போய்விடுவதும் உண்டு. தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014 ஏப்ரலில் சந்தாவோடு வந்தது, 2015 மார்ச்சில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக்கும் அப்படித்தான், 2011 டிசம்பரில் சந்தா, 2012 நவம்பரில் இலவச வழி திறந்தது. எல்லா விளையாட்டும் இப்படி மாறும் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் காத்திருந்து கெட்டுப்போனவர்களை இந்த வகையில் அதிகம் பார்த்ததில்லை.

கெட்டுப்போனவர்கள் என்றால் முதல் மாதமே வாங்க ஓடியவர்கள்தான். ஃபைனல் ஃபேன்டஸி 14 முதலில் 2010-ல் வந்தபோது ஆட முடியாத நிலையில் இருந்தது. 2012-ல் சர்வரை நிறுத்தி, கதைப்படி அந்த உலகத்தையே அழித்து, 2013-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் புதிய விற்பனையையே சில காலம் நிறுத்திவைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. நியூ வேர்ல்டின் பாதை தலைகீழ். 2021 செப்டம்பரில் வந்தபோது ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக ஒரே நேரத்தில் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், உள்ளே போகவே மணிக்கணக்கில் க்யூ. சில மாதங்களில் பெரும்பகுதிக் கூட்டம் கலைந்துவிட்டது. 2025 அக்டோபரில் இனிமேல் புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். இந்த இரண்டில் உங்கள் விளையாட்டு எது மாதிரி ஆகும் என்று வெள்ளிக்கிழமைக்குள் யாராலும் சொல்ல முடியாது, செய்கிறவர்கள் உட்பட.

பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பர் சொல்லுவார். ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் வாங்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து முன்னுரிமை நாட்களில் ஆடிய நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும். இந்த வகை விளையாட்டில் இரண்டு மணி நேரம் என்பது என்ன? பாத்திரத்துக்கு மூக்கு சரிசெய்யவே எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். மீதி நேரத்தில் ஒரு கிராமத்துப் பெரியவர் மூலிகை பறித்துவரச் சொல்லியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நண்பர் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் ஒரு சுகம் இருக்கிறது, அது பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தக் கோடாரி நல்லது, எந்தக் குகைக்குள் போனால் சாவு என்று சொல்ல விக்கியில் ஒரு வரி இருக்காது. தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போவார்கள், வழியில் நின்று பேசுவார்கள். ஒரு மாதம் கழித்து அதே பாதையில் எல்லோரும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி அறையில் உங்களுக்குக் கிடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாரம் மட்டும் போதும் என்று ஐந்து பேரும் சேர்ந்து லீவு போட முடியுமென்றால், இதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றே வாங்கிவிடுங்கள். எட்டு மாதக் குழந்தையிடம் லீவு கேட்க முடியாது என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

என் முடிவு: வெள்ளிக்கிழமை வாங்காதீர்கள். அதற்குப் பதிலாகக் குழுவில் இப்படி எழுதுங்கள், "வியாழக்கிழமை இரவு ஒன்பதரை, கில்ட் வார்ஸ் 2, அஞ்சு பேரும் வாங்கடா." அதன் அடிப்படை விளையாட்டு இலவசம், யாரும் காசு எடுக்க வேண்டாம். இலவசக் கணக்குக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, நாலைந்து வாரம் சேர்ந்து சுற்றிப்பார்க்க அவை தடையில்லை. அங்கே டன்ஜன் என்ற நிலவறைச் சண்டைக்குப் போவதும் ஐந்து பேர் குழுவாகத்தான், உங்கள் கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல. மூன்று வியாழன் ஐந்து பேரும் வந்தால் நாலாவது வியாழன் புதிய விளையாட்டை வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள். இரண்டாவது வியாழனே இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள் என்றால், புதிய விளையாட்டிலும் இரண்டு பேர்தான் இருந்திருப்பீர்கள், காசு கொடுத்த பிறகு.

வெளியே நிற்பேனோ என்று கேட்டிருந்தீர்கள். முன்பதிவு செய்த நண்பர் தினமும் ட்ரெய்லர் அனுப்புகிறார் என்பதைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். ஆள் சேராவிட்டால் தனியாக நிற்கப்போவது அவர்தான். அது அவருக்கும் தெரியும் என்று தோன்றுகிறது. வாங்கவில்லை என்று குழுவில் எழுதுவதற்கு முன் அவருக்கு ஒரு தடவை போன் பண்ணுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இது இந்த வகையில் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பொருந்தும். ஆன்லைனில் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டன் கிடையாது. அதனால் முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க்கும் எடுக்காதீர்கள், மற்றவர்கள் காயத்தை ஆற்றும் ஹீலரும் எடுக்காதீர்கள். அந்த இரண்டில் ஒன்று நடுச் சண்டையில் எழுந்து போனால் எல்லோரும் சாவார்கள், ஒரு வாரம் திட்டும் வாங்குவீர்கள். தூரத்தில் நின்று அம்பு விடும் ஆளாக இருந்துகொள்ளுங்கள். தொட்டிலில் சத்தம் கேட்டு நீங்கள் எழுந்து போனால் சண்டை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மீதி நாலு பேர் சமாளித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா