தேசிய கீதத்துக்கு எந்திரிக்க முடியாதவங்க என்ன பண்றது?

கேள்வி: சார், நாங்க நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஊர் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்துனாங்க. எங்க மாமனாருக்கு 78 வயசு, முட்டி தேஞ்சு போய் ஒரு வருஷமா கைத்தடிதான், சேர்ல உக்காந்திருந்தாரு. தேசிய கீதம் பாடிக்கிட்டு இருக்கும்போதே பின்னாடியிருந்து ஒருத்தர் "எந்திரிங்க பெரியவரே, மரியாதை தெரியாதா"ன்னு கத்திட்டாரு. இவரு பதறி எந்திரிக்கப் போயி தடுமாறிட்டாரு, ராத்திரி சாப்பிடவே இல்ல. எந்திரிக்கலன்னா கேஸ் ஆகுமா? டிவில போனாக்கூட நிக்கணுமா? ஜனவரி 26-க்கு எங்க மகளிர் குழுதான் ஏற்பாடு பாக்குறோம், என்ன கவனிக்கணும்?

பதில்: அம்மா, முதல்ல உங்க மாமனார்கிட்ட போயி சொல்லுங்க, அவரு ஒரு தப்பும் பண்ணல, கேஸும் ஆகாது. நான் பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், டெல்டாவுல நாலஞ்சு பள்ளிக்கூடத்துல கொடியேத்தம் நடத்திப் பாத்தவன், இந்த மாதிரி வயசானவங்கள சபையில வச்சு கத்துறத கேட்டா எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1971-ல வந்த தேசிய கௌரவ அவமதிப்பு தடுப்புச் சட்டம், அதுல பிரிவு 3, தேசிய கீதம் பாடவிடாம வேணும்னே தடுக்குறவங்க, பாடிக்கிட்டிருக்கிற கூட்டத்துக்கு வேணும்னே இடைஞ்சல் பண்றவங்க, இவங்களுக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். முட்டிவலிக்காரர் உக்காந்திருந்தா தண்டனைன்னு அதுல ஒரு வரி கிடையாது. யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு அந்த இடத்துல கீதத்துக்கு இடைஞ்சல் ஆனது உங்க மாமனாராலயா, நடுவுல குரல் கொடுத்தவராலயா? அவரு மேல புகார் கொடுங்கன்னு நான் சொல்லல, ஊருக்குள்ள பகை வேணாம், ஆனா இந்த விவரத்த தனியா உக்கார வச்சு அவருக்கு சொல்லத்தான் வேணும்.

சபைன்னு கூடிட்டா கீதம் பாடும்போது எல்லாரும் எந்திரிச்சு நேரா நிக்கணும், இது உள்துறை அமைச்சகத்தோட உத்தரவு. ஆனா முடியாதவங்களுக்கு விலக்கு இருக்கு. தியேட்டர்ல கீதம் போடுற கேஸ் நடந்தப்ப உள்துறை கொடுத்த வழிகாட்டுதல்ல, வீல் சேர்ல இருக்கவங்க வண்டிய அசையாம நிறுத்தி தன்னால முடிஞ்ச அளவுக்கு கவனமா இருந்தா போதும், ஊன்றுகோல் வச்சிருக்கவங்க நகராம நின்னா போதும்னு சொல்லியிருக்கு. அப்ப உங்க மாமனார் என்ன செய்யணும்? ரெண்டு பாதத்தையும் தரையில ஊணி, முதுக நிமித்தி, கைத்தடிய மடிக்கு முன்னாடி நேரா பிடிச்சுக்கிட்டு கொடியப் பாத்தா போதும்மா, அதுவே முழு மரியாதை.

தியேட்டர்ல 2016 நவம்பர்ல கட்டாயம்னு உத்தரவு போட்ட சுப்ரீம் கோர்ட்டே 2018 ஜனவரில அத மாத்தி, போடுறதும் போடாததும் தியேட்டர்காரங்க விருப்பம், போட்டா நிக்கணும்னு சொல்லிருச்சு. டிவி விஷயத்துல பயமே வேணாம். செய்திப்படத்துக்கோ டாக்குமெண்டரிக்கோ நடுவுல கீதம் வந்தா பாக்குறவங்க எந்திரிக்க வேண்டியதில்ல, எந்திரிச்சா குழப்பம்தான் மிஞ்சும்னு உள்துறை உத்தரவுலயே இருக்கு. வீட்ல உக்காந்து பாக்குறவங்கள யாரும் கேக்கப் போறதில்ல. நான் குடியரசு தின அணிவகுப்பு பாக்குறப்ப எந்திரிச்சு நிப்பேன், அது என் மனசுக்கு.

வாய் தொறந்து பாடியே ஆகணுமான்னும் சிலர் கேப்பாங்க. கேரளாவுல மூணு பிள்ளைங்க மத நம்பிக்கையால பாடாம, ஆனா மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, பள்ளிக்கூடம் வெளிய அனுப்பிருச்சு. 1986-ல சுப்ரீம் கோர்ட் அது அவமதிப்பே இல்லன்னு சொல்லி திரும்ப சேக்க வச்சுது.

ஒரு காட்சி சொல்றேன். ஒரு வருஷம் ஆகஸ்ட் 15, பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால குறுவை வயல், ஏழெட்டு பொம்பளைங்க களை பறிச்சுக்கிட்டிருந்தாங்க. மைக்குல கீதம் கேட்டதும் ஒவ்வொருத்தரா நிமிந்தாங்க, முழங்கால் வரைக்கும் சேறு, பறிச்ச கோரைய கையிலயே பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னாங்க, முடிஞ்சதும் மறுபடி குனிஞ்சுட்டாங்க. அவங்க சபையில இல்ல, நிக்கணும்னு எந்த உத்தரவும் அவங்களுக்கு இல்ல. பந்தலுக்குள்ள அந்நேரம் ரெண்டு பேர் செல்போன தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தாங்க.

இப்ப உங்க ஏற்பாட்டுக்கு வருவோம். நம்ம ஊர்ல பாதி அவமரியாதை ஸ்பீக்கர் செட்டுலதான் நடக்குது. நெட்டுல இருந்து நேரா போட்டா நடுவுல விளம்பரம் வந்துரும், போன்ல போட்டா கால் வந்துரும், எனக்கே ஒரு தடவ வரிக்கு நடுவுல ரிங்டோன் ஓடி பிள்ளைங்கல்லாம் சிரிச்சிருச்சு, அன்னைக்கு கூனிக் குறுகிப் போனேன். அதனால பிள்ளைங்கள பாட வைங்க, அதுக்கு மிஞ்சினது இல்ல. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் 2021 டிசம்பர்ல வந்த அரசாணை இசைத்தட்ட தவிர்த்து பயிற்சி எடுத்தவங்க வாய்ப்பாட்டா பாடணும்னுதான் சொல்லுது. அதுக்கு 55 நொடி, அதுக்கும் எல்லாரும் நிக்கணும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு. தேசிய கீதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி, ஒரு நிமிஷத்த தாண்டுச்சுன்னா இழுக்குறாங்கன்னு அர்த்தம். ரெக்கார்டு போட்டு கட் ஆனா மறுபடி முதல்லேருந்து போடாதீங்க, நின்ன வரியிலேருந்து எல்லாரும் வாயால பாடி முடிச்சுருங்க. கொடி ஏத்தினவுடனே கீதம், யூனிஃபார்ம்ல இருக்கவங்க சல்யூட், மத்தவங்க கைய பக்கத்துல வச்சு நேரா நின்னா போதும், நெஞ்சுல கை வைக்கிறது நம்ம முறை இல்ல.

பிராக்டிஸ ஜனவரி 24 சாயங்காலம் வைங்க. 1950-ல அதே தேதியிலதான் அரசியல் நிர்ணய சபையில இத தேசிய கீதம்னு அறிவிச்சாங்க, பிள்ளைங்களுக்கு சொன்னா ஆசையா வரும். அர்த்தத்தையும் சேத்து சொல்லிக் குடுங்கம்மா, அர்த்தம் தெரியாததாலதான் வார்த்தைய மென்னு முழுங்குறாங்க. "உச்சல ஜலதி தரங்கா"ன்னா பொங்குற கடலோட அலை. தரங்கம்னா அலை, நம்ம தரங்கம்பாடில இருக்க அதே தரங்கம்! நான் இத சொன்ன வகுப்புல ஒரு பையன் "அப்ப எங்க அத்தை ஊரு பாட்டுல வருதா சார்"ன்னு கேட்டான், அதுக்கப்புறம் அந்த வரி வந்தாலே அவன் குரல்தான் தனியா கேக்கும்.

நாலு கைப்பிடி சேர முன் வரிசை ஓரமா போட்டு, கீதத்துக்கு முன்னாடி மைக்குல ஒரு தடவ சொல்லிருங்க, "நிக்க முடியாதவங்க உக்காந்தே இருக்கலாம்"னு. தை மாசப் பனியில முட்டி இன்னும் பிடிச்சுக்கும், மாமனார கொஞ்சம் வெயில் வந்தப்புறம் கூட்டிட்டுப் போங்க, பேரப்பிள்ளைய அவரு சேருக்குப் பக்கத்துலயே நிறுத்துங்க.