பிரைடு பேரணி போராட்டமா, கொண்டாட்டமா? வேலூரில் நடத்தினால் எப்படி நடத்துவது?

பிரைடு பேரணி என்பது ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள் உள்ளிட்ட பால்புதுமையினர் நடத்தும் ஊர்வலம். கேள்வி கேட்டவர் காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறவர். சென்னைப் பேரணிக்குப் பல வருடமாகப் போகிற மூத்தவர்கள் "இது போராட்டம், கூத்தடிக்க வராதீங்க" என்கிறார்கள், அவர் வயதுக்காரர்கள் "இது நம்ம திருவிழா" என்கிறார்கள், இதில் யார் சொல்வது சரி, வேலூரில் ஒன்று நடத்தினால் எதை வைத்து நடத்துவது என்பது கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பேரணியில் நடக்கிற ஒருவரைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் அவருக்கு என்ன பறிபோகும்? அந்தப் பேரணி அவருக்கு என்ன என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. வீடு, வேலை, சோறு எல்லாமே போகும் என்றால் அவருக்கு அது போராட்டம். ஒன்றும் போகாது என்றால் கொண்டாட்டம். தலைமுறை மாறும்போது மாறுவது இந்தக் கணக்கு. ஒரு முகமூடியின் கதையாகவே இதைச் சொல்லலாம்.

1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் சோதனைக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் திருப்பி எதிர்த்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 1970 ஜூன் 28 அன்று முதல் ஊர்வலம். கிரீன்விச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை 51 தெருக்கள் தாண்டிப் போக வேண்டும். அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான். போட்டிருந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உற்சாகம் ஒரு பக்கம், யார் கல்லெறிவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தத் தலைமுறைக்குப் பேரணி என்றால் பகல் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டுவது, அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறையை எய்ட்ஸ் பிடித்தது. 1980களின் ஊர்வலங்களில் இறந்தவர்கள் பெயரைச் சுமந்து நடந்தார்கள். இந்தக் கதை வேலூர் வழியாகவும் போகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986ல் தெரியவந்தது. ரத்தம் எடுத்தது சென்னையில், சோதித்தது வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்தில். அதன்பிறகு வந்த தடுப்புப் பணிகளால்தான் ஆணை விரும்பும் ஆண்கள் பலருக்கு ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்து பேச இடம் கிடைத்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் 2001ல் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை எதிர்த்து வழக்குப் போட்ட நாஸ் அறக்கட்டளையும் எச்.ஐ.வி. பணி செய்த அமைப்புதான். சங்கமாகக் கூடும் முன் நோயாளிகளாகக் கூட வேண்டியிருந்தது. மூத்தவர்கள் பேச்சில் இருக்கும் கடுமைக்கு இதுவும் காரணம் என்பதை இளையவர்கள் மறக்கக் கூடாது.

இந்தியாவில் முதல் நடை 1999 ஜூலை 2, கொல்கத்தா. 15 பேர், மஞ்சள் டி-ஷர்ட், 'நட்பு நடை' என்று பெயர். 2008ல் தில்லியில் நடந்தபோது பலர் முகமூடியோடு வந்தார்கள். சென்னையில் 2009 ஜூன் கடைசியில் மெரினாவில் நடந்தார்கள். அதற்கு நான்கே நாளில், ஜூலை 2 அன்று, ஒருபால் உறவு குற்றமல்ல என்ற தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கிடைத்தது கையைவிட்டுப் போனதை நேரில் பார்த்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் வந்துவிட்டது என்ற நிம்மதி எளிதில் வராது. அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு வயதுக்கு வந்தவர்களுக்கு 377 என்பது பாடப் புத்தக எண். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அவர்கள் கவலை கல்யாணம். அதற்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

கம்பெனி பேனர்கள் 2018க்குப் பிறகு இங்கே பெருகின. அவை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கிலேயே 2019 ஜூன் 30 அன்று, கம்பெனி வண்டிகளும் சீருடைப் போலீசும் வேண்டாம் என்று ஒரு கூட்டம் தனியாக இன்னொரு பேரணி போனது. என் கருத்து: கம்பெனிக்காரர்கள் வரட்டும், முன்வரிசையில் மட்டும் வேண்டாம்.

தமிழில் இந்த மாற்றத்தைச் சொற்களிலேயே பார்க்கலாம். 'அலி' என்பது வசவு. அதை ஒதுக்கி 'அரவாணி' வந்தது. 2008ல் தமிழக அரசு அமைத்த நல வாரியமே அரவாணிகள் பெயரில்தான் தொடங்கியது. பிறகு 'திருநங்கை', ஆணாக மாறியவருக்குத் 'திருநம்பி', இப்போது இருவருக்கும் பொதுவாகத் 'திருநர்'. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் விளைவாக, 2022ல் அரசே இந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'பிரைடு' என்பதற்கும் சென்னைக்காரர்கள் 'பெருமிதம்' என்று போடாமல் 'சுயமரியாதை' என்று போட்டார்கள். மிகச் சரியான தேர்வு. பெருமிதம் என்றால் "எதுக்குப் பெருமை?" என்று தெருவில் கேட்பார்கள். சுயமரியாதை என்றால் பெரியார் பூங்கா இருக்கிற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி வேலூர். நம் பக்கத்துக்கு ஊர்வலம் புதிதல்ல, வேஷமும் புதிதல்ல. அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை அன்று பாலாற்றுக்குப் போகிற கூட்டத்தில் திருநங்கைகள் அம்மனாக ஆடி வருகிறார்கள், ஊரே வழிவிட்டுக் கும்பிடுகிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் மீசை மழித்த ஆண் பாஞ்சாலியாக விடிய விடிய நிற்கிறார். சாமிக்காக என்றால் ஊர் ஒத்துக்கொள்கிறது. மறுநாள் காலை அதே ஆள் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சங்கடம். பேரணி கேட்பது இந்த மறுநாள் காலைக்கான மரியாதையை.

அதனால்தான் வேலூரில் மூன்று தலைமுறையும் ஒரே நாளில் நடக்கும். 20 வயதுப் பையன் குடியாத்தத்தில் கூட்டுக் குடும்பத்தில் இருந்தால் அவன் நிலை 1970 நியூயார்க்தான். சென்னையில் வேலை பார்த்துச் சொந்தமாக அறை எடுத்திருக்கும் 45 வயதுக்காரர் நிலை அதற்கு 50 வருடம் பிந்தியது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பழங்கதையும் அல்ல. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்த ஓர் ஆட்கொணர்வு மனு வேலூர் மாவட்டக் காவல்துறையை எதிர்மனுதாரராகக் கொண்டது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள், அவருடைய தோழி மனுப் போட்டார். நீதிமன்றம் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டது, போலீஸ் அசையாமல் இருந்ததைக் கண்டித்தது, குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்து "இன்னுமா பயப்படறீங்க" என்று கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டுக்கு வருவோம். 100 பேர் என்று வைத்துக்கொள்கிறேன்.

மனுவை 15 நாள் முன்பே டி.எஸ்.பி. அலுவலகத்தில் கொடுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு நகல். தொடங்கும் இடம், முடியும் இடம், வழி, நேரம், ஆட்கள் எண்ணிக்கை, மைக் உண்டா, பொறுப்பாளர்கள் யார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி மறுப்பை வைத்து நீதிமன்றம் போவது கடினம். பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022ல் 24-சி என்ற விதி சேர்ந்திருக்கிறது, அதை மனுவில் ஒரு வரியில் குறிப்பிடுவது நல்லது. பொறுப்பாளர் பெயர்தான் சிக்கல். பெயரும் முகவரியும் ஸ்டேஷனுக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்கும் போகலாம். வீட்டில் தெரியாத ஒருவரை அந்த இடத்தில் போடாதீர்கள். வக்கீல் ஒருவர், வீட்டில் சொல்லிவிட்ட இருவர் போதும்.

வழி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆட்டம் பாட்டத்தோடு அதற்கே முக்கால் மணி ஆகும். அண்ணா கலையரங்கம் பக்கம் ஊர் பார்த்துப் பழகிய ஆர்ப்பாட்ட இடம், அங்கே தொடங்கலாம். சி.எம்.சி. முன்னால் ஆற்காடு சாலையில் போகவே கூடாது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, பறையும் மைக்கும் நிறுத்த வேண்டிவரும். சட்டம் இருக்கட்டும், நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போகிற சாலையை அடைப்பது தப்பு. கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, உள்ளே கூட்டம் கூட்டத் தனி அனுமதி வேண்டும், தவிர்த்துவிடுங்கள். உலகமே ஜூனில் நடத்துகிறது என்று நாமும் வேலூர் ஜூன் வெயிலில் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டாம், மாலை ஐந்து. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. பாதியைக் கிளம்பும் இடத்திலும் பாதியை முடியும் இடத்திலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் போட்டால் அது நெரிசலில் பின்தங்கிவிடும். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர்.

கொடி தைப்பதை எழுதுகிறேன், ஏனென்றால் அதிலேயே தலைமுறைகள் இருக்கின்றன. கில்பர்ட் பேக்கர் 1978ல் சான் பிரான்சிஸ்கோவில் செய்த கொடியில் எட்டு நிறம். இளஞ்சிவப்புத் துணி தேவையான அளவு கிடைக்காமல் ஒன்று போனது. தெருவின் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துத் தொங்கவிட இரட்டைப்படையில் வேண்டும் என்று 1979ல் இன்னொன்றும் போனது. மிஞ்சிய ஆறுதான் இன்றைய கொடி. 2018ல் டேனியல் குவாசர் ஓரத்தில் கறுப்பு, பழுப்பு, வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளையை அம்புமுனைபோல் சேர்த்தார். 5 அடிக்கு 3 அடிக் கொடிக்கு ஒவ்வொரு பட்டையும் 6 அங்குலம், தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு 7 அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஆறு பட்டை விழும். ஆக, ஒவ்வொரு நிறத்திலும் 1.6 மீட்டர் வாங்கினால், கழி நுழைக்க மடிப்பும் சேர்த்து, ஆறு கொடி ஆகும். பாலியஸ்டர் வாங்குங்கள், மலிவான பருத்தியில் சிவப்புச் சாயம் வியர்வைக்கே இறங்கும். கடையில் கடைசி நிறத்தை 'ஊதா' என்று கேட்காதீர்கள், நீலத்தை எடுத்துப் போட்டு இரண்டு நீலம் ஆகிவிடும். 'கத்தரிப்பூ கலர்' என்று கேளுங்கள்.

பெரும்பாலும் எல்லாம் கெடுவது போட்டோவில்தான். படம் வேண்டாம் என்பவர்களுக்கு மணிக்கட்டில் ரிப்பன் கட்டுவது வழக்கம், அது உதவாது. கை கீழே இருந்தால் ரிப்பன் படத்துக்குள் வராது, எடுப்பவருக்குத் தெரியாது. தோளுக்குக் கீழே மேற்கையில் கட்டுங்கள். அதைவிட முக்கியம் நிற்கும் இடம். பத்திரிகைக்காரர்கள் எதிரே நின்று எடுப்பார்கள், எனவே முகம் தெரிந்தால் பரவாயில்லை என்பவர்கள் முதல் நான்கு வரிசையில் பெரிய பேனரோடு போகட்டும், மற்றவர்கள் நடுவில். மாடியிலிருந்து எடுத்தால் நடுவரிசையும் விழும், அதற்குக் குடை கொடுங்கள். அட்டை முகமூடி பத்து நிமிடத்தில் வியர்வையில் ஊறும், ரப்பர் நாடாவில் ஸ்டேப்ளர் பின் பிய்ந்துவிடும். துண்டு நல்லது. முகத்தை மூடினாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பவை வேறு: கல்லூரி அடையாள அட்டை, தினமும் போடுகிற சட்டை, பச்சை குத்தியது, பைக் நம்பர். வேறு சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள், வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். முகமூடி போட்டவரை மேடையிலிருந்து "கழட்டுங்க, தைரியமா வாங்க" என்று அழைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

முடியும் இடத்தில் மூடிய அறை ஒன்று வேண்டும். தனியாக நடந்து பஸ் ஸ்டாண்டு போகிறவர்களுக்கு இரண்டிரண்டு பேராகத் துணை போட வேண்டும். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி பஸ்களின் நேரத்தை முதல் நாளே பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பேச்சுகளை முடித்துவிடுங்கள். அறையில் கண்ணாடி ஒன்று, 500 மில்லி தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி கிழித்தது, சோப்பு, இரண்டு பக்கெட் தண்ணீர். வீட்டுக்குப் போகும் முன் வேஷம் கலைக்கத்தான் இவை. முகத்தில் பூசிய மினுமினுப்பை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினால் காதோரமும் புருவத்திலும் தங்கிவிடும், வீட்டு விளக்கில் அம்மா கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். கூத்துக்காரர்கள் அரிதாரம் கலைப்பதுபோல் முதலில் எண்ணெய், அடுத்து துணி, கடைசியில் சோப்பு. இருபது பேர் இருந்தால் அரை மணி பிடிக்கும்.