தோட்டத்துத் தீயும் தொண்டூழியப் படையும்: கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம், செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவே இருக்கும் எங்கள் தோட்டப் பட்டணத்துத் தொண்டூழியத் தீயணைப்புப் படையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, தோட்டங்களில் தீயணைப்புப் படை எப்போது தொடங்கியது? (ஆசிரியை, கிள்ளான்)

நாள் குறித்துத் தொடங்கிய படை இல்லை அம்மா. அத்தாப்பு என்ற ஓலைக் கூரை, பலகைச் சுவர், ஒட்டினாற்போல் நீளும் லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசை, உள்ளே விறகடுப்பு. ஒரு வீட்டில் பிடித்தால் கடைசி வீடு வரை போய்விடும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் பார்ப்பதற்கு, அடிக்கும் தண்டவாள மணியை விடாமல் அடித்தால் தீ என்று பொருள். ஆண்கள் நடுவில் ஒரு வீட்டுக் கூரையைப் பிடுங்கி இடைவெளி உண்டாக்குவார்கள். பெண்கள் வாளி கை மாற்றுவார்கள். அதுதான் படை.

கோலாலம்பூரே பட்டுத்தான் கற்றது. 1881 ஜனவரியில் ஊர் எரிந்தது. சில ஆண்டுகளில் செங்கல்லும் ஓடும் கட்டாயமாயின. 1883-இல் பெல்லமி என்ற ஆங்கிலேயர் தலைமையில் அங்கு அமைந்த சிலாங்கூர்த் தீயணைப்புப் படை தொண்டூழியர்களால் ஆனதுதான். சம்பளக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்!

அண்ணன், உங்களை அதிகம் பயமுறுத்திய தீ எது? (இளைஞர், ஈப்போ)

புகைக் கொட்டகைத் தீதான் தம்பி. உறையவைத்து உருட்டிய ரப்பர் சீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, பழைய பால்மர (ரப்பர் மர) விறகின் புகையில் சில நாட்கள் காயவைப்பார்கள். உள்ளே சூடு ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. இரவில் அடுப்பைப் பார்ப்பவர் விறகை அதிகமாகத் திணித்துவிட்டாலோ, ஒரு சீட் நழுவி அடுப்புப் பக்கம் விழுந்தாலோ முடிந்தது கதை.

புதியவன் ஓடிப்போய்க் கதவைத் திறப்பான். அதைத்தான் செய்யக்கூடாது. காற்று பாய்ந்ததும் மேலே தொங்குகிற சீட்டுகள் உருகி, எரிந்தபடியே சொட்டும். அடுப்பு வாயையும் கூரைத் திறப்பையும் அடைத்துவிட்டு, வெளியிலிருந்து சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்தது போலத் தெரிந்த பிறகும் கிளறிக் கிளறித் தண்ணீர் விடாவிட்டால் ரப்பர் மறுபடி பற்றும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

ஈயக்குட்டை, வாய்க்கால் என்று சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது என்ன கவலை? (வாசகர், ரவாங்)

கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரெல்லாம் பம்புக்கு எட்டாது. நீர்மட்டம் பம்புக்கு ஏழு மீட்டருக்கும் கீழே போனால் உறிஞ்சுவது பெரும்பாடு. ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியதுதான் ஈயக்குட்டை, அதன் கரையோ மணல். பம்பை ஓரத்துக்குக் கொண்டுபோனால் காலடியே சரியும். வாய்க்காலில் வேறு தொல்லை. உறிஞ்சுகுழாயின் முனையை ஒரு மூங்கில் கூடைக்குள் வைத்துக் கட்டித்தான் இறக்குவோம். இல்லாவிட்டால் பாசியும் ஓலைச் சருகும் வடிகட்டியை அடைத்து, பம்பு வெறுமனே இரையும். சிவப்பு வண்டியின் பகட்டுக்காகப் படையில் சேர வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது அந்தக் கூடையைத்தான்.

தீமிதிக்கும் உங்கள் படை வருமா? (வாசகி, தெலுக் இந்தான்)

வரும். பூக்குழி அம்மன் பொறுப்பு. பக்கத்துப் பந்தல் எங்கள் பொறுப்பு.

ராஜா மூசா காட்டுப் பக்கம் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகைகிறதே, ஏன்? (மாணவர், கோல சிலாங்கூர்)

அங்கே மண்ணே எரிகிறது. நீரில் மூழ்கி முழுதாக மக்காமல் காலங்காலமாகப் படிந்த இலையும் மரமும்தான் அந்தச் சதுப்பு நிலம். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்துபோகும். தீ மேலே அணைந்து கீழே நடக்கும். தடியால் குத்திப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். உள்ளே வெந்து பொள்ளலான இடத்தில் கால் புதைந்துவிடும். மேலே பீய்ச்சுவதில் பயன் குறைவு. கால்வாயை மறித்து நிலத்தடி நீரை ஏற்றுவதே மருந்து.

இன்று படையில் ஆள் குறைந்தது இளைஞர்களின் அக்கறையின்மையால்தானே? (ஓய்வுபெற்ற கிராணி, பந்திங்)

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்கத்தானே மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்? பிறகு ரப்பர் செம்பனையானது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வீட்டுக்கு ஓர் ஆள் என்று திரண்ட படை. லயமே போன பிறகு ஆள் எங்கிருந்து வரும்? பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன பையனைக் குறை சொல்வது நியாயமில்லை. அரசாங்கத் தீயணைப்புச் சேவை 1976-இல் மத்திய அரசின் கீழ் வந்தது நல்லதுதான். ஆனால் நிலையம் தொலைவில் இருக்கும் ஊர்களில் முதல் சில நிமிடங்கள் இன்னும் அக்கம்பக்கத்தாரின் கையில்தான்.

சேர விரும்பினால் யாரைப் பார்ப்பது? எந்த எண்ணை அழைப்பது? (பலர்)

பக்கத்துத் தீயணைப்பு மீட்பு நிலையத்தில் கேளுங்கள். தொண்டூழியப் படைகள் அவர்களின் மேற்பார்வையில்தான் இயங்குகின்றன. தீயணைப்புக்கென்று இருந்த பழைய 994-ஐ மறந்துவிடுங்கள், 999 போதும். தோட்டத்துக்குள் என்றால் எத்தனையாவது டிவிஷன் (தோட்டப் பிரிவு), எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று சொல்லுங்கள். செம்பனைச் சாலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், இரவில் வண்டியோட்டி திணறுவார். ஒருவரை டார்ச் விளக்கோடு முச்சந்தியில் நிறுத்திவிடுங்கள்.