ஆண்டு மொத்த மழையை மட்டும் பார்த்தால் போதாது

திருவாரூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "2008 முதல் வீட்டு மழைமானியில் அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். ஆண்டு மொத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. சம்பாவோ படாத பாடு படுகிறது. காவிரிப் படுகையில் மழையும் வெப்பமும் எப்படி மாறி வருகின்றன என்று நானே பார்க்க முடியுமா?"

பார்க்கலாம். ஆனால் நீண்டகாலப் போக்கைச் சொல்ல உங்கள் நோட்டு மட்டும் போதாது. குறைந்தது 30 ஆண்டுப் பதிவு வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு அப்படித் துள்ளுகிறது: 2015-ல் வெள்ளம், மறு ஆண்டே இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் பற்றாக்குறை. 2016-ல் கணக்கைத் தொடங்கினால் மழை ஏறுவதுபோலத் தெரியும், அந்த ஆண்டோடு முடித்தால் இறங்குவதுபோலத் தெரியும்.

அதனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் இலவசமாகத் தரும் தினசரிக் கட்டத் தரவை, அதாவது நாட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரும் அளவுகளை, எடுங்கள். மழைக்கு 1901 முதல் இருக்கிறது, வெப்பநிலைக்கு 1951 முதல். போக்கைக் கண்டுபிடிக்க மான்-கெண்டல் சோதனை. ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிட்டு, கூடியதா குறைந்ததா என்று மட்டும் அது எண்ணும். ஒரே ஒரு பேய்மழை ஆண்டு முடிவைப் புரட்டிவிட முடியாது. கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் செய்து கொடுத்துவிடுவார்.

படுகைச் சராசரி என்று யாராவது ஒரே எண்ணைக் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். 81,155 சதுர கிலோமீட்டர் படுகை இது. மேட்டூருக்குத் தண்ணீர் பெரும்பாலும் குடகுப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையால் வருகிறது. உங்கள் வயலில் பெய்வது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டையும் கலந்தால் எதுவும் புரியாது.

சரி, மொத்தம் மாறாமல் சம்பா ஏன் தவிக்கிறது? விடை பெய்யும் விதத்தில் இருக்கலாம். அதற்கு உங்கள் நோட்டே உதவும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள். ஒவ்வொரு பருவத்திலும் அப்படி எத்தனை நாள், நடுவே மழையே இல்லாத நீண்ட இடைவெளி எவ்வளவு, ஒரே நாளில் கொட்டியது எவ்வளவு என்று மூன்று பத்திகள் போடுங்கள். நாலு நாளில் கொட்டித் தீர்த்த 400 மி.மீ.யும் முப்பது நாளில் நிதானமாகப் பெய்த 400 மி.மீ.யும் மொத்தக் கணக்கில் ஒன்றுதான், பயிருக்கு ஒன்றல்ல.

வெப்பநிலை மழையைப் போலத் துள்ளாது, போக்கு தெளிவாகத் தெரியும். 1901–2018 காலத்தில் இந்தியாவின் சராசரி சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. நெல்லுக்கு நான் முதலில் பார்ப்பது பகல் உச்சத்தை அல்ல, இரவுக் குறைந்தபட்சத்தை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன வயல்களை வைத்து 2004-ல் வந்த ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அதை அப்படியே சம்பாவுக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் பூக்கும் காலத்து இரவு வெப்பத்தையும் இனி குறித்துவையுங்கள்.

அப்புறம், மழையைத் தினமும் காலை 8.30 மணிக்கே அளந்து எழுதுங்கள். மழைமானியை எப்போதாவது இடம் மாற்றியிருந்தாலோ, பக்கத்து மரம் வளர்ந்து மறைத்திருந்தாலோ அந்த ஆண்டையும் நோட்டில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மரத்தின் வேலையை வானத்தின் மேல் போட்டுவிடுவோம்.