ரோமைக் கவிழ்த்தது குடியா, சம்பளப் பாக்கியா?

கேள்வி: உலகையே கட்டி ஆண்ட ரோமானியர்கள் குடி, கூத்து, ஆடம்பரம் என்று ஒழுக்கம் கெட்டதால்தானே அழிந்தார்கள்? மிளகுக்கே கஜானாவைக் காலி செய்தார்களாமே? இன்றைய இளைஞர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லலாமா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம், வருஷக் கணக்கை மட்டும் வாயே திறக்காமல் இருந்தால்.

குடி, கூத்து என்றதும் உங்கள் மனதில் வந்து நிற்பவர்கள் காலிகுலா, நீரோ என்ற இரண்டு பேரரசர்கள்தானே? காலிகுலாவை அவனுடைய மெய்க்காவலர்களே கி.பி. 41இல் வெட்டிப் போட்டார்கள். நீரோ 68இல் தற்கொலை செய்துகொண்டான். அவர்கள் போனபிறகுதான், 117 வாக்கில், டிராஜன் காலத்தில் ரோமப் பேரரசு தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய பரப்பை எட்டியது. பின்னால் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்த பேரரசில், மேற்கின் கடைசிப் பேரரசனை இறக்கியது 476இல். அதாவது நீரோ செத்து நானூறு வருஷம் கழித்து. பதினைந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன் குடித்ததால்தான் உங்களுக்கு ஈரல் கெட்டது என்று ஒரு டாக்டர் சொன்னால் ஃபீஸ் கொடுப்பீர்களா?

(ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 64இல் தீப்பிடித்தபோது அவன் ஊரிலேயே இல்லை, ஆன்ட்டியத்தில் இருந்தான். பிடில் என்ற வாத்தியம் பிறக்க இன்னும் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது.)

சரி, உண்மையிலேயே விழுந்த காலத்தில் ஆண்டவர்கள் யார்? பக்திமான்கள். 380இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கிவிட்டார். 410இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனக்குழுவின் தலைவன் அலாரிக் ரோம் நகரைச் சூறையாடியபோது, தியோடோசியஸின் மகனான பேரரசன் ஹொனோரியஸ் ராவென்னா என்ற ஊரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான். "ரோமா போய்விட்டது" என்று செய்தி வந்ததும், தான் வளர்த்த ரோமா என்ற கோழியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, இப்போதுதானே என் கையில் தீனி தின்றது என்று பதறினானாம். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதியவர் சொன்ன கதை, அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவனைக் குடிகாரன், கூத்தாடி என்று எதிரிகூடச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

என்னைக் கேட்டால் ரோமைக் கவிழ்த்தது படுக்கையறை இல்லை, சம்பளப் பட்டியல். அடுத்து யார் பேரரசன் என்பதற்கு அங்கே ஒரு உறுதியான விதி கிடையாது. படை யார் பக்கமோ அவன்தான். 193இல் மெய்க்காவல் படை பேரரசன் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, தன் முகாமில் பதவியைப் பகிரங்கமாக ஏலம் விட்டது. உள்ளே ஒருவர், மதிலுக்கு வெளியே ஒருவர், மாறி மாறிக் கேட்கிறார்கள். டிடியஸ் ஜூலியானஸ் ஒரு சிப்பாய்க்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) என்று கேட்டதும் ஏலம் முடிந்தது. பாவம், இரண்டு மாதம் சொச்சம்தான் ஆண்டார், அப்புறம் தலை போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவன் ஒவ்வொருவனும் சிப்பாய்க்கு அள்ளிக் கொடுத்தான், வெள்ளிச் சுரங்கம் ஒன்றும் சிப்பாய்க்காகக் கூடுதலாக விளையவில்லை, ஆகவே நாணயத்தில் கைவைத்தார்கள். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறையச் சுத்த வெள்ளியாக இருந்த காசு, 260களின் கடைசியில் வெள்ளி முலாம் பூசிய செப்புச் சல்லி. 235இலிருந்து 284 வரை இருபதுக்கு மேற்பட்ட பேரரசர்கள், அதில் படுக்கையில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விலைவாசி தாங்காமல் 301இல் டயோக்ளீஷியன் கோதுமை முதல் செருப்பு வரை எல்லாவற்றுக்கும் உச்ச விலை விதித்து, மீறினால் மரண தண்டனை என்று கல்லில் வெட்டி வைத்தார். வியாபாரி என்ன செய்வான்? சரக்கை ஒளித்தான்.

ஒழுக்கக்கேடுதான் வேண்டும் என்றால் ஒன்று தருகிறேன், ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் அது இல்லை. 376இல் ஹூணர்களுக்குப் பயந்து ஓடிவந்த கோத்தியர்கள் டான்யூப் நதிக்கரையில் நின்று அடைக்கலம் கேட்டார்கள். பேரரசன் வாலன்ஸ் சம்மதித்தான், படைக்கு ஆள் கிடைக்குமே என்ற கணக்கு. தோற்றவனையும் வந்தவனையும் படையில் சேர்த்து, பிறகு குடிமகனாக்கி, அப்படித்தானே டைபர் நதிக்கரையில் ஒரு ஊராக இருந்த ரோம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. ஆனால் அக்கரையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்குச் சோறு போட வேண்டிய லூப்பிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு அதிகாரிகள் பசியை வைத்து வியாபாரம் செய்தார்கள். ஊரிலுள்ள நாய்களைப் பிடித்துவந்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் அடிமை என்று மாற்றிக்கொண்டார்கள். தலைவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் போனார்கள். இதை எழுதி வைத்தவர் கோத்தியர் இல்லை, ரோமானியப் படையில் வேலை பார்த்த அம்மியானஸ் என்ற வரலாற்றாசிரியர். இரண்டே வருஷம். 378இல் ஏட்ரியானோபிளில் அதே கோத்தியர்கள் திருப்பி அடித்தார்கள், வாலன்ஸின் பிணம்கூடக் கிடைக்கவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை, நோயாளி இன்னும் நூறு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்தான். கடைசி அடி 439இல். வான்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனக்குழு வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜைப் பிடித்தது. இன்றைய துனிசியா என்றதும் பாலைவனம் என்று நினைக்காதீர்கள், மேற்கு ரோமுக்கு அதுதான் நெற்களஞ்சியம் மாதிரி, தானியமும் எண்ணெயும் வரியும் அங்கிருந்துதான். அது போனதும் சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாத சிப்பாய் ஊரைக் காக்க மாட்டான். 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரிய கப்பற்படை அனுப்பி மீட்கப் பார்த்தார்கள். வான்டல்கள் காற்று திரும்பும் வரை காத்திருந்து, தீ வைத்த கப்பல்களை அவர்கள் மேல் அனுப்பி அதைச் சாம்பலாக்கினார்கள்.

மிளகு விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவுக்கு வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது நிஜம். முசிறிக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது அகநானூற்றிலேயே இருக்கிறது. ஆனால் பிளினி செத்தது 79இல், எரிமலை வெடிப்பில், அதாவது பேரரசு இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில். தவிர, அந்தச் சரக்குக்கு எகிப்துத் துறைமுகத்தில் இறக்குமதி வரி நான்கில் ஒரு பங்கு. மிளகு தின்றவன் பணம்தான் வெளியே போனது, கஜானாவுக்கு அதில் லாபம். இன்னொன்று: 408இல் ரோம் நகரைச் சுற்றிப் போட்ட முற்றுகையை விலக்க அலாரிக் கேட்ட பட்டியலில் 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ரோம் கொடுத்தது. கொடுக்க இருந்தது!

476இல் படைத்தலைவன் ஓடோவேக்கர் இறக்கியது ஒரு சிறுவனை, ரோமுலஸ் அகஸ்டுலஸ். கொல்லக்கூட இல்லை, வருஷம் 6,000 பொற்காசு கொடுத்து கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டான். அரச உடைகள் கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒயின் ஓடவில்லையா? குதிரைப் பந்தய வெறி முற்றி 532இல் நகரத்தில் பாதியைக் கொளுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆனால் எகிப்தின் தானியமும் ஆசியா மைனரின் வரியும் கையில் இருந்தன, சுற்றிலும் மதில் இருந்தது. நடுவில் கொஞ்ச காலம் தவிர, 1453 வரை தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டு அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.