சென்னையா, கோவையா: வேலூர்க்காரி ஒருத்தியின் பதில்

நீங்கள் கேட்டது இது: "நாங்கள் வேலூர். மகளுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை கிடைத்திருக்கிறது. சென்னை என்றால் ஏமாற்றுவார்கள், மரியாதை கிடையாது என்கிறார்கள். கோவை என்றால் மரியாதையான ஊர், நல்ல தண்ணீர், நல்ல மனிதர்கள் என்கிறார்கள். இந்தப் பேச்சை எவ்வளவு நம்பலாம்?"

நான் இரண்டு ஊரிலும் வேலை பார்த்தவள். முதலில் சென்னை பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. கல்யாணத்துக்குப் பிறகு கோவை கணபதியில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனி. சொந்த ஊர் சத்துவாச்சாரி, இப்போது இருப்பதும் அங்கேதான். என்னைக் கேட்டால், அந்தப் பேச்சை வைத்து மகளை அனுப்பும் ஊரை முடிவு செய்யாதீர்கள். அது முழுப்பொய் இல்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அந்த ஊர்களுக்கு எந்த வேலையாகப் போனார்கள் என்பதுதான் அதில் அதிகம் தெரிகிறது.

நம் மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு எதற்குப் போகிறோம், யோசித்துப் பாருங்கள். ஐகோர்ட்டில் கேஸ். தலைமைச் செயலகத்தில் மனு. விசா நேர்காணல். வெளிநாடு போகிறவரை ஏர்போர்ட்டில் விட்டுவருவது. இன்ஜினியரிங் கவுன்சிலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறுவதற்கு முன்பு, மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய் நிற்க வேண்டும். கையில் ஃபைல், வயிற்றில் பயம், மணி பதினொன்றுக்குள் போயாக வேண்டும், ஊருக்குள் வழி தெரியாது. அந்த நிலையில் ஒரு ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் சாகும்வரை மறக்காது. ஊருக்கு வந்து பத்து பேரிடம் சொல்வோம். ஐகோர்ட்டில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தாலும் அந்தக் கசப்பு சென்னை மேல்தான் போய் உட்காரும்.

கோவைக்கு எதற்குப் போகிறோம்? கல்யாணத்துக்கு. மருதமலைக்கு. ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு நாள் தங்கல். போத்தனூரில் சித்தி வீடு இருந்தால் பள்ளிக்கூட லீவுக்கு. இறங்கியதும் குளிர்ந்த காற்று, நம்மை எதிர்பார்த்து நிற்கிற ஆள், வீட்டுச் சாப்பாடு. வேலூர் வெயிலில் வெந்துவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் பட்டால் எந்த ஊரும் நல்ல ஊராகத்தான் தெரியும். ஆக, பிள்ளையார்பட்டிக்குப் போனவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவரையும் உட்காரவைத்து எந்த ஊர் நன்றாக இருந்தது என்று கேட்டு எழுதிய கணக்கு இது.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் நம் வேலூரேதான். காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகையில் வங்காளம், மெஸ்ஸில் மீன் குழம்பும் கடுகெண்ணெய் வாசமும், கடைக்காரர் பேசுவது இந்தி. கல்கத்தாவில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வேலூர் என்றால் டோக்கன், ரிசல்ட், வாடகை அறை, எப்போது ஊருக்குப் போகலாம் என்ற கவலை. 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது இன்று வடகிழக்கு வரை பெயர் தெரிந்த இடம். அந்த மனிதர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பி "வேலூர் காசு பிடுங்குகிற ஊர்" என்று சொல்வார். இன்னொருவர் "என் பிள்ளையைப் பிழைக்கவைத்த ஊர்" என்பார். இரண்டு பேரும் பார்த்தது நாலு தெரு. கோட்டை மைதானத்தில் சாயங்காலம் உட்கார்ந்ததில்லை, காட்பாடி சந்தை தெரியாது, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் சாப்பிட்டதில்லை. அவர்கள் சொல்வதை வைத்து யாராவது நம் ஊரை எடைபோட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் போகாது என்பதற்கும் நம் ஊரே சாட்சி. "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைச் சொல்வார்களே. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சத்துவாச்சாரியில் இருந்து லிங்கம் திரும்பி வந்துவிட்டது. அன்று முதல் பூஜை நடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரையை உடைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தோம். ஆனாலும் கோவையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் முதல் நாளே அந்தப் பழைய வரியைத்தான் சொன்னார்கள். அதற்கு அடுத்து ஜெயிலைப் பற்றிக் கேட்டார்கள்.

சரி, மரியாதை விஷயத்துக்கு வருவோம். கோவையின் மரியாதை நிஜம். நான் இருந்த வீட்டு ஓனர் அம்மா, என்னைவிட முப்பது வயது பெரியவர், "ஏனுங்க அம்மணி, சாப்ட்டீங்களா" என்றுதான் கேட்பார். கடையில் சின்னப் பையனுக்கும் "வாங்க". மனசு குளிரும். அது வெறும் பேச்சு வழக்கு மட்டும் இல்லை, அந்த ஊர் வளர்ந்த விதமும் அப்படி. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. மில்லுக்கு உதிரி பாகம் செய்ய ஃபவுண்டரி, விவசாயக் கிணற்றுக்கு மோட்டார், அப்புறம் வீட்டுக்கு கிரைண்டர். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்துகாட்டிய ஊர் அது. ஒரு பட்டறை இன்னொரு பட்டறைக்குச் சாமான் செய்து கொடுக்கும், பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும். யார் யாருக்குச் சொந்தம், யார் வாக்குத் தவறாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். வார்த்தை தடித்தால் அடுத்த ஆர்டர் வராது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து இதை நான் தினமும் பார்த்தேன், அந்த நாணயத்தின் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் அந்த மரியாதை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. வீடு தேடியபோது மிகவும் பணிவாகத்தான் கேட்டார்கள், "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க?" என்று. பதிலைக் கேட்டதும் சில வீடுகள் அப்போதுதான் வேறு யாருக்கோ முடிந்துவிட்டிருந்தன. 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பெரிய மதில் மழையில் சரிந்து பதினேழு பேர் செத்துப்போனார்கள். எல்லோரும் தலித் குடும்பங்கள். தங்களை ஒதுக்கிவைக்கக் கட்டிய சுவர் அது என்று அந்த மக்கள் சொன்னார்கள். கோவை மாவட்டத்தில்தான் நடந்தது. "நல்ல மனிதர்கள் உள்ள ஊர்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையில் மட்டும் வீடு எளிதில் கிடைத்ததா என்றால் இல்லை. அங்கே நேராகக் கேட்கமாட்டார்கள், "நான்வெஜ் சமைப்பீங்களா" என்பார்கள். ஆனால் ஒரு தெருவில் கிடைக்காவிட்டால் அடுத்த தெருவில் கிடைத்துவிடும். என் தாத்தா காலத்தில் வடஆற்காடு கிராமங்களில் பிழைக்க வழி இல்லாமல் போனவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஊர்தான். பெரம்பூர் பின்னி மில்லில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், சென்னைத் தொழிலாளர் சங்கம், அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் உருவானது. வடசென்னைப் பேச்சும் நம் பேச்சும் ஏன் இவ்வளவு ஒட்டி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? "இன்னா" என்று கேட்டால் அங்கே அவமரியாதை இல்லை, நம் வீட்டிலும் இல்லை. பெரியமேட்டில் மதியம் டீக்கடையில் நின்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆட்கள்தான் சுற்றிலும் இருப்பார்கள். எனக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரிந்ததே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் அங்கேதான் இருந்தேன். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, தண்ணீர் மாடிப்படி வரை. எதிர் வீட்டில் அதுவரை பேசியே இராத ஒரு அக்கா, "இன்னாம்மா பாத்துனு நிக்கிற, மேல வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்களை எல்லாம் தன் மாடியில் படுக்கவைத்துச் சோறு போட்டார். படகு கொண்டுவந்தவர்கள் காசிமேட்டு மீனவர்கள். சென்னைக்கு மனசு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தண்ணீர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்தவருக்கு வேறு தண்ணீர் பிடிக்காது, உண்மை. ஆனால் அந்த அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். மழை குறைந்தால் கோவையிலும் குடம் வரிசையில் நிற்கும். சென்னை கிருஷ்ணா தண்ணீரையும் வீராணத்தையும் நம்பி இருக்கிறது. 2019 ஜூலையில் அதுவும் போதாமல் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் போனது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அன்றைக்கு ஜோலார்பேட்டை நம் வேலூர் மாவட்டம். நம்மிடமே தண்ணீர் இல்லையே என்று இங்கே எதிர்ப்பு கிளம்பியது. கோபம் நியாயமானதுதான், ஆனாலும் அந்த ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கோவை என்றைக்குமே அமைதியான ஊராக இருந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1997 நவம்பர் கலவரமும், 1998 பிப்ரவரி 14-ம் தேதி 58 பேர் இறந்த குண்டுவெடிப்பும் நடந்த பிறகு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பயந்த காலம் உண்டு. எங்கள் உறவில் ஒரு வரனை ஊர்ப் பெயரைக் கேட்டே வேண்டாம் என்றார்கள். இன்று அதே உறவினர்கள் "கோவை மாதிரி வருமா" என்கிறார்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு சில காரியங்கள். முதலில் பஸ், ரயில். சென்னையில் புறநகர் ரயில், மெட்ரோ, எம்டிசி பஸ் மூன்றும் உண்டு. ராத்திரி ஒன்பதரை மணிக்கும் தெருவில் பெண்கள் நடப்பார்கள், அது எனக்குப் பெரிய தைரியம். கோவையில் இதெல்லாம் பஸ்ஸை நம்பித்தான். நான் இருந்தபோது சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் வேலை முடிந்து வருகிற பெண்கள் ஸ்கூட்டி இல்லாமல் சிரமப்பட்டார்கள். ஆகவே ஆபீஸ் எந்த இடம், ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், கம்பெனி கேப் உண்டா என்பதைக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, வாடகை. என் அனுபவத்தில் கோவையில் அதே பணத்துக்குக் கொஞ்சம் பெரிய அறை, காற்று, அமைதி கிடைக்கும். சென்னை என்றால் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதி தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது, விசாரியுங்கள்.

மூன்றாவது, வீட்டுக்கு வருவது. சென்னையில் இருந்து காட்பாடி இரண்டு மணி நேரம்தான். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட் வாங்கி தினமும் போய்வருகிறவர்களே இருக்கிறார்கள், ஆனால் உடம்பு தாங்காது, நான் சொல்லமாட்டேன். கோவையில் இருந்து சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரி எக்ஸ்பிரஸிலோ ஏறினால் விடியற்காலை இருட்டில் காட்பாடியில் இறங்க வேண்டும், நீங்கள் வண்டியோடு நிற்க வேண்டும். அவசரத்துக்கு ஓடிவர முடியாத தூரம் என்பது ஒரு அம்மாவுக்குச் சின்ன விஷயம் இல்லை.

வேலை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால், எந்த வேலையில் அவள் அதிகம் கற்றுக்கொள்வாள் என்று அவளையே கேளுங்கள். இயந்திரம், உற்பத்தி சம்பந்தப்பட்டது என்றால் கோவையில் முதலாளியே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்கு மாறிப் பார்க்க நினைப்பவள் என்றால் சென்னையில் வாய்ப்பு அதிகம். சேரும் முன்பு ஒரு வேலைநாளில், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நீங்களும் அவளும் அந்த ஆபீஸ் விடும் நேரத்துக்குப் போய் அங்கிருந்து ஹாஸ்டல் வரை பஸ்ஸில் வந்து பாருங்கள்.