நீல பம்ப்பிலேயே சரியாகிவிடுகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா இருக்கிறது. இளைப்பு வரும்போது நீல நிற இன்ஹேலரை எடுத்துக்கொள்வார், அதிலேயே சரியாகிவிடும். இப்போது புதிதாகப் பார்த்த மருத்துவர் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சொல்லி, வேறொரு இன்ஹேலரை எழுதித் தந்திருக்கிறார். அண்மைய ஆராய்ச்சிகளில் அப்படி என்ன மாறிவிட்டது?

நான் மருத்துவர் இல்லை. குமாரபாளையத்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். பத்து வயதிலிருந்து எனக்கும் ஆஸ்துமா. ஆகவே உங்கள் தந்தை கையில் வைத்திருக்கும் அந்த நீல பம்ப்பை மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். மருந்தின் அளவையும் முறையையும் அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

'அதிலேயே சரியாகிவிடும்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியைச் சுரக்கிறது. நீல பம்ப்பில் இருக்கும் சால்பியூட்டமால் 1969 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து. அது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை அந்தப் பலன் நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. மூச்சு உடனே திறந்துகொள்வதால் நோயே அடங்கிவிட்டது என்று நோயாளி நம்புகிறார். வீக்கமோ அவருக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்த மருந்தை அடிக்கடி எடுக்க எடுக்க, அது போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகள் குறைந்து, தூசுக்கும் புகைக்கும் குழாய்கள் முன்னைவிட எளிதில் சுருங்கத் தொடங்குகின்றன.

இது நேற்று முளைத்த சந்தேகம் அல்ல. 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் செறிவு மிகுந்த ஐசோபிரினலின் ஸ்பிரே விற்பனைக்கு வந்த காலத்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று உயர்ந்தன. 1976க்குப் பிறகு நியூசிலாந்தில் மீண்டும் அதே கதை நடந்தது. இந்த முறை ஃபெனோட்டெரால் என்ற மருந்து. அந்த மருந்துக்கும் மரணங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வு 1989இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு மரணங்கள் வேகமாகக் குறைந்தன. அந்த ஆய்வை நடத்திய மருத்துவர்களுள் ரிச்சர்ட் பீஸ்லியும் ஒருவர். முப்பது ஆண்டுகள் கழித்து, உங்கள் தந்தையின் மருந்துச்சீட்டை மாற்றிய ஆய்வுகளில் ஒன்றை முன்னின்று நடத்தியவரும் அவரே.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிலும் மருத்துவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு பம்ப் 1972லேயே வந்துவிட்டது. 'இதைத் தினமும் காலையும் மாலையும் எடுங்கள், இளைப்பு வந்தால் மட்டும் நீலத்தை எடுங்கள்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தில் அது சரியான வைத்தியம். கடை மேசையில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர் இரண்டு பம்ப்பும் எழுதிய சீட்டைக் கொண்டுவருவார். முதல் மாதம் இரண்டையும் வாங்குவார். இரண்டாம் மாதம், 'அந்த இன்னொன்னு எடுத்தா ஒண்ணும் தெரியலைங்க, நீலம் மட்டும் குடுங்க' என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஸ்டீராய்டு பம்ப்பை இழுத்த உடனே எந்த மாற்றமும் தெரியாது, அது வேலையைக் காட்டச் சில நாட்களாவது ஆகும். விலையும் இரு மடங்குக்கு மேல். பிறகு வருடக்கணக்கில் நீலம் மட்டுமே போகும். ஒரு நீல பம்ப்பில் 200 முறை அழுத்தும் மருந்து இருக்கிறது. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பான ஜினா, ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான மூச்சுத்திணறல் வரும் அபாயம் கூடுகிறது என்றும், பன்னிரண்டோ அதற்கு மேலோ தீர்ந்தால் மரண அபாயமே கூடுகிறது என்றும் எச்சரிக்கிறது. இதைப் படித்த இரவு என் விற்பனைப் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். மாதம் ஒன்று என்று வாங்கிச் செல்பவர்களை விரல்விட்டு எண்ண முடியவில்லை. அவர்களிடம் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்பது அன்றைக்குச் சற்று உறுத்தியது.

அண்மைய ஆராய்ச்சியின் தொடக்கப்புள்ளி இந்த நடைமுறை உண்மைதான். நோயாளி இளைப்பு வரும்போதுதான் பம்ப்பை எடுப்பார் என்றால், அவர் எடுக்கும் அந்த பம்ப்பிலேயே ஸ்டீராய்டையும் சேர்த்து வைத்துவிட்டால் என்ன? இதைப் பரிசோதித்த சிக்மா 1, சிக்மா 2 என்ற இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. முதல் ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேர் ஓராண்டு பங்கேற்றனர். தேவைப்படும்போது மட்டும், புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சைத் திறக்கும் ஃபார்மோட்டெராலும் கலந்த பம்ப்பை எடுத்தவர்களுக்கு, நீல பம்ப்பின் வகையைச் சேர்ந்த டெர்பியூட்டலினை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64% குறைந்திருந்தன. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தாக்குதல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உடலுக்குள் போன ஸ்டீராய்டின் அளவு அதில் ஆறில் ஒரு பங்கு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அன்றாடத் தொந்தரவுகளைக் கட்டுப்படுத்துவதில் தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களே ஓரளவு முன்னால் நின்றார்கள். ஆயினும் ஆஸ்துமாவில் உயிரை எடுப்பது திடீர்த் தாக்குதல்தான் என்பதால், அதைத் தடுப்பதற்கே முதலிடம் கொடுத்தார்கள்.

அந்த ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத போலி பம்ப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதால், வீட்டில் உண்மையாக நடப்பது அதில் தெரியாது என்று ஒரு குறை சொல்லப்பட்டது. பீஸ்லியின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைத் தீர்த்தது. 668 பேரிடம் உள்ளது உள்ளபடியே மருந்தைக் கொடுத்து, வழக்கம்போலப் பயன்படுத்தச் சொன்னார்கள். நீல பம்ப் மட்டும் எடுத்தவர்களைவிடக் கலவை பம்ப் எடுத்தவர்களுக்குத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன. அதே 2019இல் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனி மருந்தாகக் கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. 2025இல் நியூசிலாந்தில் 5 முதல் 15 வயது வரையுள்ள 360 குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் கலவை பம்ப்பால் தாக்குதல்கள் 45% குறைந்தன. சால்பியூட்டமாலையே புடசோனைடோடு சேர்த்துப் பார்த்த இன்னோர் ஆய்விலும் ஏறத்தாழ இதே அளவு பலன் கிடைத்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கலவை பம்ப் எல்லாமே ஒன்றல்ல. ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களிலேயே மூச்சைத் திறந்து, பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும் மருந்து. அதனால்தான் அது உள்ள பம்ப்பை அவசரத்துக்கும் எடுக்க முடிகிறது. சால்மெட்ரால் உள்ள கலவையும் சந்தையில் உண்டு. அது மெதுவாக வேலை செய்வது, அவசரத்துக்கு உதவாது. 'எல்லாம் அதேதான்' என்று பக்கத்து வீட்டுக்காரரின் பம்ப்பை வாங்கி இழுப்பது ஆபத்து. உங்கள் தந்தையின் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தயங்கினால், இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நீல பம்ப்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். 'பம்ப் பழகிவிடும், மாத்திரையே போதும்' என்று சொல்லி வாங்கும் அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை, எடை அளவில் 40 அழுத்தலுக்குச் சமம். கை நடுக்கமும் படபடப்பும் வராமல் என்ன செய்யும்? ஸ்டீராய்டிலும் அப்படியே. பம்ப்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பம்ப்புக்குப் பயந்து ஒத்திப்போட்டுவிட்டு, மழைக்காலத்தில் மூச்சு முட்டி, மூச்சைத் திறக்கும் டெரிஃபிலினும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும் ஊசியாகப் போட்டுக்கொண்டு வருபவர்கள், ஆண்டு முழுவதும் பம்ப்பில் எடுத்திருக்க வேண்டியதைவிட அதிகமான ஸ்டீராய்டை ஒரே வாரத்தில் உடலெங்கும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

பம்ப்பைத் தாண்டிய ஆராய்ச்சியும் நடக்கிறது. அதன் நடுநாயகம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பெயர்தான். இரவில் இருமினால் 'ஈஸ்னோபீலியா இருக்கும், ரத்தம் பார்' என்பார்கள் அல்லவா, அந்த ஈசினோபில் என்ற வெள்ளணு. ஈசினோபில் மிகுந்து காசநோய் போலத் தோற்றம் காட்டும் நுரையீரல் நோயை முதலில் விவரித்தவர்கள், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை மருத்துவர்கள், ஆண்டு 1940. அது யானைக்கால் புழுவால் வருவது என்பது பிறகு தெளிந்தது; ஆஸ்துமா வேறு, அது வேறு. ஆனால் ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பெரும் பகுதியினருக்கும் மூச்சுக்குழாயை வீங்கவைப்பதில் இதே அணுவுக்குப் பங்கு உண்டு. மெப்போலிசுமாப், பென்ராலிசுமாப் போன்ற ஊசிகள் 2015 முதல் வந்தது அந்த அணுவைக் குறிவைத்துத்தான். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தாக்குதல் வந்த நேரத்தில், ஈசினோபில் மிகுந்த 158 பேரில் சிலருக்கு வழக்கமான பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு ஒரே ஒரு பென்ராலிசுமாப் ஊசியைத் தனியாகவோ அந்த மாத்திரையோடு சேர்த்தோ கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாட்களுக்குள் சிகிச்சை தோற்று மீண்டும் மருந்து தேவைப்பட்டவர்கள், மாத்திரைப் பிரிவில் 74%, ஊசி போட்டவர்களில் 45%. சிறிய ஆய்வுதான், விலையோ நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருந்தாலும் தாக்குதல் என்றாலே பிரட்னிசலோன் என்றிருந்த பல்லாண்டுப் பழக்கத்தை முதன்முறையாக அசைத்துப் பார்த்திருக்கிறது.

சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் இதே அணுதான் வழிகாட்டுகிறது. டூபிலுமாப் ஊசி தாக்குதல்களை 30% அளவில் குறைத்ததாக 2023லும் 2024லும் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. 2024இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோபில் 300க்குக் குறையாமல் இருந்தவர்கள் மட்டுமே.

இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தந்தையின் வயது. அறுபதைத் தாண்டியவருக்கு இருப்பது ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா, இரண்டும் கலந்ததா என்பது தெரிய வேண்டும். பீடி, சிகரெட் பழக்கமே இல்லாதவருக்கும் விறகுப் புகையாலும் தொழிற்கூடத் தூசாலும் சி.ஓ.பி.டி. வரும். அதற்கு வைத்திய முறை வேறு. நான் மேலே சொன்ன 'தேவைப்படும்போது மட்டும் கலவை பம்ப்' என்ற ஏற்பாடு ஆஸ்துமாவுக்கானது. குழாயில் பலமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அவருக்கு இதுவரை எடுக்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

மருந்து எவ்வளவு புதிதானாலும் தொண்டையில் தங்கினால் பயனில்லை. சென்ற மாதம் பெரியவர் ஒருவரிடம், எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். பம்ப்பைக் குலுக்காமல் வாயருகே பிடித்து அழுத்தினார். அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுத்தார். மருந்துப் புகை முழுவதும் அவர் மூக்குக்கு முன்னால் மிதந்து போனது. ஸ்பேசர் என்னும் உருளையை மாட்டி, குலுக்கி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். 'இத்தன வருசமா காத்துக்குத்தான் வைத்தியம் பண்ணிருக்கேன்' என்றார். ஸ்டீராய்டு கலந்த பம்ப் என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்; இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

வீட்டில் இருக்கும் நீல பம்ப்பை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூச்சு முட்டும் நேரத்தில் புதியது கைக்கு எட்டவில்லை என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். தீர்ந்துபோன காலி டப்பாக்கள் அலமாரியிலோ அவர் சட்டைப் பையிலோ கிடந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மாதத்துக்கு எத்தனை பம்ப் என்று கேட்டால் எந்த அப்பாவும் குறைத்துத்தான் சொல்வார்.